எந்த ஃபாவ்ர்?

ஒதீல் ஃபாவ்ருக்குக் கோபம் வராத நாள் உண்டா என்று வில்லாரேயில் யாரைக் கேட்டாலும், "ஞாயித்துக்கிழமை. அன்னிக்குத் தபால் கிடையாது" என்ற ஒரே பதில்தான் வரும். அதற்காக அவள் கோபத்தில் நியாயம் இல்லை என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். சவ்வா மலையில், பள்ளத்தாக்கு முடிகிற இடத்தில், அறுபத்தொரு வீடுகள் உள்ள ஊர். அதில் நாற்பத்தேழு கதவுகளில் ஃபாவ்ர் என்றே எழுதியிருக்கிறது. அந்தக் கதவுகளுக்கெல்லாம் முப்பத்தொரு வருடமாகத் தபால் கொண்டுபோய்க் கொடுப்பவள் ஒதீல். அவளும் ஃபாவ்ர்தான்.

பிறந்த வீடு ஃபாவ்ர், புகுந்த வீடும் ஃபாவ்ர், அவளைப் பெற்ற தாய் பிறந்த வீடும் ஃபாவ்ர். ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பினால் ஒரு வாரத்தில் நகரத்திலிருந்து எவளாவது ஒரு சின்னப் பெண் தொலைபேசியில் கூப்பிடுவாள்.

"மதாம், தாயார் பேர் கேட்ட இடத்துல உங்க பேரையே எழுதிட்டீங்க."

"அது எங்கம்மா பேர்தான்."

"கணவர் குடும்பப் பேர்லயும் அதையே..."

"அவர் பேரும் அதுதான்."

"அப்போ நீங்க பிறந்த குடும்பத்தோட பேர் என்ன மதாம்?"

"இரும்மா, நான் இன்னொரு தடவை வேற எங்கயாவது பிறந்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லி வைத்துவிடுவாள்.

கோடையில் வரும் விடுமுறைக்காரர்கள் இதைவிட மோசம். மலையேறும் பாதை எது என்று கேட்க வண்டியை நிறுத்துவார்கள், அவள் சட்டையில் பெயரைப் பார்ப்பார்கள், முகம் மலரும். "ஓ, ஃபாவ்ர்! அதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? கொல்லன்! லத்தீன் வார்த்தை!" தெற்கே போனால் ஃபாப்ர், வடக்கே போனால் லெஃபெவ்ர், எல்லாம் பட்டறைக்காரன் வாரிசுகள், ஊருக்கு ஒரு கொல்லன் இருந்ததால் நாடு முழுக்க அந்தப் பெயர்தான் என்று அவளுக்கே பாடம் எடுப்பார்கள். முப்பத்தொரு கோடையில் இதை எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள் என்று கணக்கில்லை. ஒதீல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்த ஊர்ல பட்டறை இருந்ததா ஒருத்தனுக்கும் ஞாபகம் இல்லை. ஒரு ஆணிய நேரா அடிக்கத் தெரிஞ்ச ஃபாவ்ர் ஒருத்தன் கிடையாது. உங்க பாதை இடது பக்கம்" என்பாள்.

எப்போதோ ஒரு கொல்லன் இருந்திருக்கலாம். அவனுக்கு ஆண் பிள்ளைகள் அதிகம் இருந்திருக்கலாம். வருடத்தில் ஐந்து மாதம் பனி மூடிக்கிடக்கும் ஊருக்கு வெளியிலிருந்து யார் பெண் கொடுப்பார்கள், யார் வந்து குடியேறுவார்கள்? உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்டார்கள், பெயரும் உள்ளுக்குள்ளேயே சுற்றியது. ஒதீல் படித்த வகுப்பில் பத்தொன்பது பிள்ளைகள், பதினாலு பேர் ஃபாவ்ர். சமவெளியிலிருந்து வந்த டீச்சர் ஒரு வாரம் திணறிவிட்டு, கடைசியில் எல்லோருக்கும் எண் போட்டுவிட்டாள். ஒதீல் ஒன்பது. இப்போது மேயராக இருக்கும் ரெமி பதினொன்று. மேயரானால் என்ன, கோபம் வந்தால் அவள் அவனைப் பதினொண்ணு என்றுதான் கூப்பிடுவாள்.

ஊருக்கு இந்த எண்ணெல்லாம் தேவைப்படவில்லை. வீட்டுக்கு வீடு பட்டப்பெயர் இருந்தது. கழுதைப்பாலம், மூணு கோழி, கழுவாத காது, பிஷப் வீடு. எந்த ஃபாவ்ர் என்று கேட்டால் இதைத்தான் சொல்வார்கள். அடையாள அட்டையில் அச்சடித்த பெயர் அரசாங்கத்துக்கு, வாயில் வரும் பெயர் ஊருக்கு. எவன் எப்போது வைத்தான், ஏன் வைத்தான் என்று பாதிப் பெயர்களைப் பற்றி யாருக்கும் தெரியாது. மூணு கோழி வீட்டில் முப்பது கோழிக்குக் குறைந்து இருந்ததே இல்லை.

ஒதீல் பிறந்தது பிஷப் வீட்டில். அவள் முன்னோர்களில் ஒருவர், கணவாய் வழியாகப் போன ஒரு பிஷப்பின் பெட்டியை ஒரு நாள் முழுக்கச் சுமந்தாராம். பெட்டி சுமந்ததற்கு இத்தனை பெருமையா என்று கேட்காதீர்கள். அந்த வீட்டுப் பெண்கள் கோயிலில் முதல் பெஞ்சில்தான் உட்காருவார்கள், யாரும் ஒதுக்கிக் கொடுக்காமலேயே. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒதீல், இருபத்து மூன்று வயதில், பனி தள்ளும் வண்டி ஓட்டும் ஜில்பேரைக் காதலித்துக் கட்டிக்கொண்டு போன வீட்டின் பெயர் அரை ரொட்டி.

அது என்ன கதை என்று கல்யாணமான புதிதில் ஜில்பேரே சிரித்துக்கொண்டு சொன்னான். அவன் கொள்ளுத்தாத்தா, மேய்ச்சல் காட்டில் இருந்த அண்ணன் தம்பிகளுக்கு ரொட்டி எடுத்துக்கொண்டு மலை ஏறினார். வழியில் பசி. போய்ச் சேர்ந்தபோது பையில் பாதி ரொட்டிதான் இருந்தது. மீதி எங்கே என்று கேட்டதற்கு, "பாதி வழியில இருக்கு" என்றாராம். ஜில்பேர் இதைச் சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தான். ஒதீல் சிரிக்கவில்லை. கூடப்பிறந்தவன் சோற்றைத் தின்றவன் பெயரைச் சுமக்கவா பிஷப் வீட்டை விட்டு வந்தேன் என்று அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெயர் இனி இந்த வீட்டுக்குள் கேட்கக்கூடாது என்றாள். ஜில்பேர் தலையாட்டினான். அதன்பிறகு அவன் வாயிலிருந்து அது வீட்டுக்குள் வந்ததே இல்லை.

ஊரின் வாயை அடைக்க அவளுக்கு ஒரு நாள் போதுமானதாக இருந்தது. அந்த வருடத் திருவிழாவில் மூணு கோழி வீட்டு ஃபிர்மேன், மேசைக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏ அரை ரொட்டிக்காரி, அந்தக் குடுவைய இப்படித் தள்ளு!" என்று கத்தினான். ஒதீல் குடுவையைத் தள்ளவில்லை. எடுத்துக்கொண்டு நடந்து போய், இருந்த ஒயின் முழுவதையும் அவன் தலையில் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அவள் காதுபட அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை. அவள் இல்லாதபோது சொல்லாமல் இருந்தார்களா என்றால், அது வேறு விஷயம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாற்பத்தேழு வீட்டுப் பட்டப்பெயரும் ஒதீலுக்கு மனப்பாடம். அது இல்லாமல் தபால் கொடுக்க முடியாது. அதனால்தான் வெளியூர்க்காரர்கள் மேல் அவளுக்கு அத்தனை எரிச்சல். உறையின் மேல் "ஃபாவ்ர், வில்லாரே" என்று மட்டும் எழுதி அனுப்புவார்கள், மீதியை அவள் கண்டுபிடிக்க வேண்டும். எத்தனையோ வருடம் கண்டுபிடித்துக் கொடுத்தாள். ஒரு கட்டத்தில் பொறுமை போயிற்று. முதல் பெயரும் இல்லாமல், வீட்டுப் பெயரும் இல்லாமல் வரும் எந்த உறையிலும் சிவப்புப் பேனாவால் "எந்த ஃபாவ்ர்?" என்று எழுதி, வந்த வழியே திருப்பி அனுப்ப ஆரம்பித்தாள். அதில் அவளுக்கு ஒரு திருப்தியும் இருந்தது. காலையில் இரண்டு உறையைத் திருப்பினால் அன்றைக்குக் காப்பி ருசிக்கும்.

ஆறு வருடத்துக்கு முன்பு ஜில்பேர் இறந்தான். மார்ச் மாதம், பனி தள்ளிவிட்டு வந்து ஒரு காலின் பூட்ஸைக் கழற்றினான், இரண்டாவது பூட்ஸைக் கழற்றவில்லை. கல்லறைத் தோட்டத்தின் மூன்றாவது வரிசையில் அவன் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். அந்த வரிசையில் ஏழு கல்லறை, ஏழிலும் "ஃபாவ்ர் குடும்பம்" என்று மட்டும்தான் வெட்டியிருக்கும். ஜில்பேரின் பெயரைக் கல்லில் வெட்ட வேண்டும் என்று ஒதீல் நினைத்தாள். கல் வெட்டுபவன் வந்து, "இதே வரிசையில இன்னொரு ஜில்பேர் ஃபாவ்ர் இருக்காரே, குழப்பம் வராம வீட்டுப் பேரையும் சேர்த்துப் போட்டுடலாமா?" என்று கேட்டான். அவனை அப்படியே திருப்பி அனுப்பினாள். அவளுக்குத் தெரியாதா அவன் எங்கே கிடக்கிறான் என்று? வருடத்துக்கு இரண்டு தடவை போவாள், வசந்தத்தில் ஒன்று, இறந்தவர்களுக்குப் பூ வைக்கும் சகல புனிதர் திருநாளுக்கு ஒன்று. மற்ற நாளெல்லாம் தபால் வண்டி ஓட்டும்போதே அவனைத் திட்டிக்கொண்டும் அவனிடம் ஊர்க்கதை சொல்லிக்கொண்டும் போவாள். அவள் இறந்தால் அவன் பக்கத்தில்தான் படுக்கப் போகிறாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

இந்த வருடம் அக்டோபர் கடைசி நாள், அந்தத் திருநாளுக்கு முந்தைய நாள், காலை எட்டரை மணிக்கு, ஒரு பெரிய தொட்டி மஞ்சள் செவ்வந்தியைச் சுமந்துகொண்டு அவள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். ஜில்பேரின் கல்லறை முன்னால் ஒரு மரக்குச்சி நட்டிருந்தது. அதில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு காகிதம். உரிமை கோருவோர் யாரும் அறியப்படாததால், அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதிக்குள் மேயர் அலுவலகத்தை அணுகாவிட்டால், இந்த இடம் ஊருக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும், உள்ளே இருப்பவர்களின் எலும்புகள் பொதுக் குழியில் சேர்க்கப்படும் என்று அதில் இருந்தது.

ஒதீல் அதை மூன்று தடவை படித்தாள். செவ்வந்தித் தொட்டியை நடுப்பாதையிலேயே வைத்தாள். குச்சியை வேரோடு பிடுங்குவதுபோல் பிடுங்கினாள். அதைக் கையில் பிடித்தபடி கோயிலைத் தாண்டி, ரொட்டிக் கடையைத் தாண்டி, நேராக மேயர் அலுவலகத்துக்கு நடந்தாள்.

அங்கே ஊரே கூடியிருந்தது. அன்றைக்கு விறகுச் சீட்டு. ஊர்க் காட்டில் வெட்டிய மரத்தை வீட்டுக்கு ஒரு பங்காகப் பிரித்து, எந்தப் பங்கு யாருக்கு என்று சீட்டு எடுப்பார்கள். மேயர் வீட்டுப் பெயரைக் கூப்பிடுவான், வீட்டுக்காரர் "இருக்கேன்" என்று எழுந்து வந்து தொப்பிக்குள் கைவிட்டு ஒரு எண்ணை எடுப்பார். நாற்பத்தேழு தடவை ஃபாவ்ர் என்று கூப்பிட்டு என்ன பயன், அதனால் பட்டப்பெயர்தான். ஜில்பேர் உயிரோடு இருந்தவரை அவன்தான் போவான், ஒதீல் தபால் கொடுக்கப் போய்விடுவாள். அவன் போனபிறகு அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு அவளே வருகிறாள். அவள் முறை வரும்போது ரெமி ஒன்றும் சொல்லாமல், அவளைப் பார்த்து மோவாயை மட்டும் உயர்த்துவான். ஆறு வருடமாக அப்படித்தான்.

ஒதீல் சேறு ஒட்டிய குச்சியை மேசை மேல் போட்டாள். தொப்பி உருண்டது.

"இது என்னடா, பதினொண்ணு?"

ரெமி அதைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். "உனக்குத் தெரியும்னு நெனச்சேன் ஒதீல்."

"தெரியுமா? என் புருஷன் எலும்பை அள்ளிக் குழியில கொட்டப் போறீங்கன்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

"கடிதம் போட்டாங்களே. ரெண்டு தடவை."

"யாரு போட்டா? எனக்கு வரலை."

மேசையின் ஓரத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்த செவ்ரின் பயந்தபடி ஒரு கோப்பைத் திறந்தாள். கீழ் ஊரிலிருந்து வந்து இரண்டு வருடமாக அலுவலக வேலை பார்க்கும் பெண், ஊர் வம்பு தெரியாதவள். கல்லறைத் தோட்டத்தைக் கணினியில் ஏற்ற நகரத்து நிறுவனம் ஒன்றிடம் விட்டிருந்தார்கள், கடிதம் அனுப்பியது அவர்கள்தான் என்றாள். "ரெண்டுமே திரும்பி வந்துடுச்சு மதாம்." இரண்டு உறைகளை எடுத்து மேசையில் வைத்தாள். ஃபாவ்ர் குடும்பத்தார், வில்லாரே. இரண்டின் மேலும் சிவப்புப் பேனாவில், நல்ல கொட்டை எழுத்தில், "எந்த ஃபாவ்ர்?"

பின் வரிசையில் யாரோ இருமினார்கள். ஒதீலுக்கு முகம் காதுவரை சூடானது. அவள் கையெழுத்து யாருக்குத்தான் தெரியாது?

"முட்டாப் பசங்க" என்றாள், உறையை அனுப்பியவர்களைச் சொல்வதுபோல. "சரி, ஆளு நான் இருக்கேன்ல. ஜில்பேரைப் புதைச்சு ஆறு வருஷம்தான் ஆகுது. ஊரே வந்தீங்க. இதுல என்ன அறியப்படாதவர்?"

செவ்ரின் கணினியைப் பார்த்தாள். "மூணாவது வரிசை, நாற்பத்தொண்ணாம் எண். கடைசி அடக்கம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொண்ணுன்னு காட்டுது மதாம்."

"அப்ப என் புருஷன் எங்க போனான்?"

"ஜில்பேர் ஃபாவ்ர்... நாற்பத்து மூணாம் எண்."

"ஏய், அது எங்க கல்லறை!" ஃபிர்மேன் எழுந்துவிட்டான். "அதுல எங்க அண்ணன் ஜில்பேர் இருக்கான்."

"ரெண்டு ஜில்பேர் இருக்கறதா காட்டுது முசே."

"ஒரு ஜில்பேரை உயிரோட வெச்சுச் சமாளிச்சதே எங்களுக்குப் போதும்மா" என்றான் ஃபிர்மேன். கூடம் முழுக்கச் சிரித்தது. ஒதீல் திரும்பிப் பார்த்ததும் நின்றது.

"அவ எழுதிக் கொடுத்த படிவத்தை எடு" என்று ரெமி மெதுவாகச் சொன்னான்.

மூன்று வருடத்துக்கு முன்பு வீட்டுக்கு வீடு கொடுத்த படிவம். கொடுத்ததே ஒதீல்தான், அறுபத்தொரு வீட்டுக்கும். குடும்பப் பெயர், ஊரில் வழங்கும் பெயர், கல்லறை இருக்கும் இடம் என்று மூன்று கேள்வி. ஒதீலின் படிவத்தில் முதல் கோட்டில் ஃபாவ்ர் என்று இருந்தது. இரண்டாவது கோடு, காகிதமே கிழியும்படி அடித்து அடித்துக் கறுப்பாகக் கிடந்தது. மூன்றாவது கோட்டில், "மூணாவது வரிசை. எல்லாருக்கும் தெரியும்" என்று எழுதியிருந்தாள்.

"கல்லறைய அளக்க வந்தவன் எங்கிட்டயும் ஃபிர்மேன்கிட்டயும் கேட்டான், நாற்பத்தொண்ணு யாருதுன்னு" என்றான் ரெமி. "என்ன சொல்ல? ஃபாவ்ருதுன்னா, எந்த ஃபாவ்ர்ங்கறான். நீயே அடிச்சு வெச்ச பேரை நான் எழுதினா என் தலையில எதைக் கொட்டுவியோன்னு இருந்துச்சு. அவங்களுக்கே கடிதம் போட்டுக் கேளுப்பான்னேன். போட்டான். நீ திருப்பி அனுப்பிட்ட. அதுக்கப்புறம் குச்சி நட்டான். நீ தபால்காரி, உன் கை வழியாப் போன கடிதம், உனக்குன்னு ஏதோ காரணம் இருக்கும்னு ஊர்ல எல்லாரும் நெனச்சாங்க. நான் ரெண்டு தடவை உன் வீட்டு வாசலுக்கு வந்தேன் ஒதீல்."

"வந்து மழையப் பத்திப் பேசிட்டுப் போனியே!"

"வேற என்னத்தப் பேச? வாய் வரலை."

ஒதீலுக்கு எவன் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. நகரத்து நிறுவனத்தின் மேல், ரெமி மேல், ஃபிர்மேன் மேல், ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் இத்தனை பிள்ளை பெற்றுப் போட்ட கொல்லன் மேல். சுற்றி வந்து எல்லாம் அவளிடமே வந்து நின்றது. அந்த எண்ணம் அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

"சரி, இப்ப மாத்து" என்றாள் செவ்ரினிடம். "நாற்பத்தொண்ணு, ஜில்பேர் ஃபாவ்ர். தபால்காரி ஒதீல் வீட்டுக்காரர்னு போடு."

"முடியாது மதாம். வீட்டுப் பேர் இருக்கற கட்டம் காலியா இருந்தா மேற்கொண்டு போகாது. ஃபாவ்ர்களுக்குக் கட்டாயம்னு மேயர்தான் சொல்லிவெச்சாரு."

"தபால்காரி வீடுன்னு போடு."

"பழைய பதிவேட்டுல நாற்பத்தொண்ணுக்கு எதிர்ல என்ன பேர் இருக்கோ அதோட பொருந்தணும். இன்னிக்கு நாலு மணிக்குள்ள அனுப்பலைன்னா மூடிடுவாங்க."

"பிஷப் வீடுன்னு போடேன்."

"பிஷப் வீட்டுக் கல்லறை எண் பன்னிரண்டு மதாம். அப்படின்னா உங்க கணவரை அங்க..."

"தோண்டி எடுத்துக்கிட்டுப் போகணுமா? நல்லா இருக்கு!"

செவ்ரின் பழைய பதிவேட்டைப் புரட்டினாள். பழுப்பு மை, சாய்ந்த எழுத்து. "இதோ, நாற்பத்தொண்ணு. ஃபாவ்ர், அரை..." என்று வாசிக்க ஆரம்பித்தாள்.

ரெமி சட்டென்று இருமினான். ஃபிர்மேனின் கை தானாகத் தலைக்குப் போனது. கூடத்தில் எழுபது பேர் தத்தம் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள். செவ்ரின் வாயைத் திறந்தபடி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள், பாவம், என்ன தவறு செய்தோம் என்று அவளுக்குப் புரியவில்லை.

"நிறுத்தும்மா" என்றாள் ஒதீல். "நானே சொல்றேன்."

சொல்கிறேன் என்றாளே தவிர, சொல் வரவில்லை. முப்பத்து நாலு வருடமாக நாக்கில் ஏறாத சொல். இந்தக் கூட்டத்தின் நடுவில் அதைச் சொன்னால், திருவிழாவில் ஊற்றிய ஒயின் அத்தனையும் வீண். சொல்லாவிட்டால், இரண்டாவது பூட்ஸைக் கழற்றாமல் போன அந்த மனுஷனைப் பெயர் தெரியாதவர்களோடு சேர்த்துக் குழியில் கொட்டுவார்கள். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அரை ரொட்டி" என்றாள். கொஞ்சம் மெதுவாக வந்துவிட்டது என்று தோன்றவே, பின் வரிசைக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னாள். "அரை ரொட்டி! நாங்க அரை ரொட்டி வீடு. எழுது. எவனாவது சிரிச்சான்னா கிறிஸ்மஸ் வரைக்கும் அவனுக்குத் தபால் வராது."

யாரும் சிரிக்கவில்லை. செவ்ரின் தட்டெழுதினாள். பிறகு தயங்கினாள். "மன்னிச்சுக்கோங்க மதாம், இறந்தவரும் அந்தப் பேரைத்தான் வெச்சிருந்தார்ங்கறதுக்கு அவர் கையால எழுதின ஏதாவது ஒண்ணு..."

"எங்கேருந்து வரும்?" என்றாள் ஒதீல். "அந்தப் பேரை வீட்டுல சொல்லவே கூடாதுன்னவ நான். அந்த மனுஷன் எங்க எழுதியிருக்கப் போறான்?"

ரெமி அலமாரியைத் திறந்தான். கீழ்த் தட்டிலிருந்து விறகுச் சீட்டுப் பதிவேடுகளை எடுத்து வந்தான். பச்சை அட்டை போட்ட நாலு தடித்த நோட்டு. பங்கு வாங்கியவர்கள் வருடா வருடம் கையெழுத்துப் போடும் நோட்டு. ஒரு பக்கத்தைத் திறந்து அவள் பக்கமாகத் திருப்பி வைத்தான்.

ஜில்பேர் ஃபாவ்ர், அரை ரொட்டி. அவன் எழுத்துதான். பனி வண்டிக்காரன் கை, பெரிய பெரிய எழுத்து, அடியில் கோடு வேறு இழுத்திருந்தான். அடுத்த வருடப் பக்கத்தைத் திருப்பினாள். ஜில்பேர் ஃபாவ்ர், அரை ரொட்டி. அதற்கடுத்த வருடம், அதற்கடுத்த வருடம். இருபத்தெட்டு பக்கம். அவர்கள் கல்யாணம் செய்துகொண்ட வருடத்தில் மட்டும், எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம். வட்ட ரொட்டி ஒன்று, நடுவில் வெட்டியது. பாதி அல்ல, இரண்டு பாதியும் இருந்தது.

"வருஷா வருஷம் கத்திக்கிட்டே எந்திரிச்சு வருவான்" என்றான் ஃபிர்மேன் பின்னாலிருந்து. "இருக்கேன்னு அவன் கத்தினா கண்ணாடி அதிரும். வெளிய போனதும் சொல்லுவான், ஒதீல்கிட்ட மூச்சு விடாதீங்கடா, அவளுக்குப் பிடிக்காதுன்னு."

ஒதீல் நோட்டை மூடவில்லை. இருபத்தெட்டு வருடம் ஒரே கூரையின் கீழ். சூப் குடிக்கும்போது, வைக்கோல் அடுக்கும்போது, சண்டை போடும்போதுகூட அவன் வாயில் அது வந்ததில்லை. தன் பெயரை வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்திருக்கிறான், பூட்ஸைக் கழற்றி வைப்பதுபோல. அவள் அதைத் தன் வெற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஆளு இருக்கானே" என்றாள் யாரிடமோ. "ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? ஒரு நாள் சண்டை போட்டிருப்பேன். ரெண்டு நாள் போட்டிருப்பேன். அதுக்கு மேலயா போட்டிருக்கப் போறேன்?" கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பார்த்துக்கிட்டு நிக்காதம்மா, படம் எடுத்து அனுப்பு. நாலு மணின்னியே."

செவ்ரின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். திரையில் நாற்பத்து மூன்றில் ஒரு ஜில்பேர் குறைந்தான், நாற்பத்தொன்றில் ஒரு ஜில்பேர் வந்தான். ஃபிர்மேன் நிம்மதியாக உட்கார்ந்தான். ஒதீல் சிவப்புப் பேனா உறைகள் இரண்டையும் மடித்துக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டாள், வேறு யாரும் எடுத்துப் பார்த்துவிடாமல். பிறகு போய்ப் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தாள்.

ரெமி தொப்பியை நிமிர்த்தி, சீட்டுகளைக் குலுக்கி, பட்டியலை எடுத்தான். எல்லோருக்கும் சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

"கழுதைப்பாலம்!"

"இருக்கேன்."

"கழுவாத காது!"

"இருக்கேன், இருக்கேன்."

"மூணு கோழி!"

"இருக்கேன்" என்று ஃபிர்மேன் போய் எண்ணை எடுத்தான். பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான், ஓடைக்கு அந்தப் பக்கம், வண்டி போகாத இடம்.

அடுத்த பெயரில் ரெமியின் விரல் நின்றது. பழக்கம் போகுமா? ஒதீலைப் பார்த்து மெதுவாக மோவாயை உயர்த்தினான்.

"என்னடா பதினொண்ணு, மோவாயை ஆட்டற?" என்றாள். "ஊர்ல எல்லாருக்கும் பேர் இருக்கு, எனக்கு மட்டும் இல்லையா? கூப்பிடு."

ரெமி பட்டியலைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

"அரை ரொட்டி!"

இந்த ஊரில் ஒதீல் கத்தாத தெரு இல்லை, கத்தாத வாசல் இல்லை. இந்தப் பெயருக்காக இப்போதுதான் முதல் தடவை எழுந்து நின்றாள். ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டு, கண்ணாடி அதிரும்படிக் கத்தினாள்.

"இருக்கேன்!"